சட்டைப்பைக்குள் ஒரு ரிவால்வர்: வாங்கும் முன் வணிகர் அறிய வேண்டியவை



நமது சங்கக் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "லைன் வசூலுக்குப் போகிறோம். இரவு பத்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டுக் கல்லாப் பணத்தோடு தனியே வீடு திரும்புகிறோம். பாதுகாப்புக்குச் சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி ஒரு சின்ன ரிவால்வர் வாங்கி வைத்துக்கொண்டால் என்ன? எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் சண்டைக்காரர்கள் அல்லர். அரிசி, பருப்பு, எண்ணெய் விற்றுப் பிழைக்கும் அமைதியானவர்கள்தான். அவர்களுடைய பயம் நியாயமானது. ஆகையால் இதை ஒரு பாடமாகவே எழுதத் துணிந்தேன்.

எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதி உண்டு. 1997-ல் வசூல் முடித்து மொபெட்டில் திரும்பும்போது இரண்டு பேர் வழிமறித்து என் பையைப் பறித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு முறைப்படி உரிமம் பெற்று ஒரு ரிவால்வர் வாங்கினேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது என்னிடம் இருந்தது. அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதையும், சட்டம் சொல்வதையும் சேர்த்துத் தருகிறேன்.

முதலில் சட்டம்

சரக்கைப் பார்க்கும் முன் லைசென்சைப் பார்க்க வேண்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் எந்தக் கைத்துப்பாக்கியையும் வைத்திருக்கக் கூடாது. 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பின், உரிமமின்றி வைத்திருந்தால் இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. "சும்மா பீரோவில்தான் இருந்தது" என்ற பதில் செல்லாது. நாட்டுத் துப்பாக்கியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று யாராவது வந்தால், அவரைக் கடைவாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அது சட்டத்துக்கும் ஆகாது. வெடித்தால் நம் கைக்கும் ஆகாது.

விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியரிடமும், சென்னை போன்ற நகரங்களில் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். மருத்துவச் சான்று கேட்பார்கள். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இன்னும் இரண்டைக் கேட்கின்றன. ஒன்று, ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று. மற்றொன்று, வீட்டில் பூட்டி வைக்க வசதி உண்டு என்ற உறுதிமொழி. தொழிலின் தன்மையால் உயிருக்கும் பொருளுக்கும் பாதுகாப்பு தேவைப்படுபவரின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க அந்த விதிகளில் இடம் இருக்கிறது. ஆனால் "நான் வியாபாரி" என்று மட்டும் எழுதினால் போதாது. எவ்வளவு பணம், எந்த வழி, எத்தனை மணிக்கு, முன்பு நடந்த திருட்டுக்குப் போலீசில் கொடுத்த புகார் என்ன என்று ஆதாரத்தோடு எழுத வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. உரிமம் இப்போது ஐந்து ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்க வேண்டும்.

நம்மில் பலர் அறியாத ஒன்று உண்டு. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லும்போது அது உறையில் இருக்க வேண்டும். முழுவதும் மறைந்திருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இதுதான் விதி. இடுப்பில் செருகி நாலு பேர் பார்க்கும்படி நடப்பதற்காக உரிமம் தரப்படுவதில்லை. திருமண வீட்டில் வானத்தை நோக்கிச் சுடுவதும் 2019 திருத்தத்தின்படி தனிக் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உரிமம் உங்கள் பெயரில்தான். "இன்றைக்கு நீ வசூலுக்குப் போய் வா, இதையும் வைத்துக்கொள்" என்று கணக்குப்பிள்ளையிடம் துப்பாக்கியைக் கொடுத்தனுப்பினால் இருவருமே குற்றவாளிகள். தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அந்த வாரங்களிலும் நாம் பணத்தோடுதான் போய்வர வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எந்த அளவுத் தோட்டா?

9 மில்லிமீட்டர் போன்ற ராணுவ, போலீஸ் அளவுகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. சட்டைப்பை ரிவால்வர் என்று வரும்போது நம் முன் பெரும்பாலும் இரண்டு அளவுகள்தான் இருக்கின்றன. ஒன்று பாயிண்ட் 22, மற்றொன்று பாயிண்ட் 32. இந்த எண் குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் குறிப்பது. பாயிண்ட் 22 என்பது ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர். பாயிண்ட் 32 என்பது ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர்.

பாயிண்ட் 22 தோட்டாவின் குண்டு சுமார் 2.6 கிராம் எடை. பாயிண்ட் 32-ன் குண்டு ஆறு கிராமுக்குச் சற்று மேல். எடையிலேயே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். பாயிண்ட் 22-ல் கை உதறல் குறைவு, சத்தமும் சற்றுக் குறைவு, பயிற்சிக்கு எளிது. ஆனால் ஒரு குறை உண்டு. அதன் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் தோட்டாவின் அடி விளிம்பில் இருக்கிறது. விளிம்பில் எல்லா இடத்திலும் அது சமமாகப் பரவாமல் போனால் தோட்டா வெடிக்காமல் ஏமாற்றிவிடும். பாயிண்ட் 32-ல் அந்தப் பொருள் அடியின் நடுவில் தனிக் குப்பியில் இருப்பதால் நம்பகம் அதிகம்.

இங்கே ரிவால்வருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும். உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலில் அப்படியல்ல, வெடிக்காத தோட்டாவைக் கையால் வெளியேற்ற வேண்டும். அதிகம் பழகாதவருக்கு ரிவால்வர் பொருத்தம் என்று சொல்வது இதனால்தான்.

நம் நாட்டுத் தயாரிப்பில் பாயிண்ட் 32 ரிவால்வர்களே பரவலாகத் தெரிந்தவை. கான்பூரில் செய்யப்படும் பழைய மாதிரி, ஆறு தோட்டா கொள்வது, நடுவில் மடித்துத் திறப்பது, ஏறத்தாழ 700 கிராம் எடை. 2014 ஜனவரியில் கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற பெயரில் டைட்டானியம் கலவையில் சுமார் 500 கிராம் எடையுள்ள பாயிண்ட் 32 ரிவால்வரை வெளியிட்டது. பெண்களின் பாதுகாப்புக்கென்று அறிவிக்கப்பட்ட அதன் விலை அப்போது 1,22,360 ரூபாய். பின்னர் மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை 'நிடர்' என்ற பாயிண்ட் 22 ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை ஏறத்தாழ 250 கிராம்தான். 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்ற, உருளை பக்கவாட்டில் திறக்கும் பாயிண்ட் 32 ரிவால்வர் வந்தது. இது மீண்டும் 700 கிராம். விலையும் கையிருப்பும் மாறிக்கொண்டே இருக்கும். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் நேரில் கேட்டறிக.

சின்னது என்றால் சுலபம் அல்ல

இந்தப் பாடத்தின் முக்கியப் பகுதி இதுதான். வாங்கப் போகிறவர் கையில் எடுத்துப் பார்த்து, "லேசாக இருக்கிறது, பையில் இருப்பதே தெரியாது" என்று மகிழ்ந்து விலை பேசிவிடுகிறார். நாமே கடையில் வாடிக்கையாளருக்குச் சொல்வோமே, பாக்கெட் பளபளப்பைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் பருப்பைப் பாருங்கள் என்று. இங்கேயும் அதே கதைதான்.

துப்பாக்கி எவ்வளவுக்கெவ்வளவு லேசோ, சுடும்போது அவ்வளவுக்கவ்வளவு கையை உதறும். குழல் எவ்வளவு குட்டையோ, குறி பார்க்கும் இரு முனைகளுக்கும் இடையே தூரம் அவ்வளவு குறைவு. கை ஒரு நூலளவு அசைந்தால் குண்டு ஒரு சாண் தள்ளிப் போகும். கைப்பிடி சின்னதாக இருந்தால் சுண்டுவிரலுக்குப் பிடிமானம் இருக்காது. ஆகவே சின்ன ரிவால்வர், பெரிய ரிவால்வரைவிட அதிகப் பயிற்சி கேட்கும். சுமக்கச் சுலபம், சுடக் கடினம்.

விசையையும் கவனியுங்கள். சுத்தியைக் கையால் இழுத்து நிறுத்தாமல் நேரே விசையை இழுத்துச் சுடும்போது, பொதுவாக நான்கரை முதல் ஐந்தரை கிலோ வரை விரலால் இழுக்க வேண்டியிருக்கும். ஐந்து கிலோ அரிசிப் பையை ஒற்றை விரலில் தூக்குவது போல. இந்தக் கனம் ஒரு பாதுகாப்பு. கை தவறிப் பட்டால் வெடிக்காது. ஆனால் வயதானவருக்கும் மூட்டுவலிக்காரருக்கும் இதுவே தடை. வாங்கும் முன், விற்பனையாளர் முன்னிலையில், காலியான துப்பாக்கியில், அவர் அனுமதியோடு பத்து முறை விசையை இழுத்துப் பாருங்கள். ஆறாவது முறை கை நடுங்கினால் அது உங்களுக்கான பொருள் அல்ல.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. உருளையை மூடியபின் அது ஆட்டம் காணக் கூடாது. ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ள வேண்டும்.

2. சுத்தியின் வால் நீண்டிருந்தால் பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டும். பையில் வைக்க வால் குட்டையானது நல்லது.

3. விசையை இழுத்தாலன்றிச் சுத்தியின் முனை தோட்டாவைத் தொடாதபடி உள்தடை இருக்கிறதா என்று கேளுங்கள். தாத்தா காலத்துப் பழைய ரிவால்வர்கள் சிலவற்றில் இது கிடையாது. கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடும். அத்தகையதை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் பையில் வைக்காதீர்கள்.

4. அதற்குரிய தோட்டா உங்கள் ஊர்ப் பக்கம் ஒழுங்காகக் கிடைக்கிறதா? பயிற்சிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். துப்பாக்கி ஒருமுறைச் செலவு, தோட்டா தொடர் செலவு.

எங்கே வைப்பது?

துப்பாக்கிப் புத்தகங்கள் எல்லாம் கனமான தோல் பெல்ட்டும் கால்சட்டையும் அணிபவருக்காக எழுதப்பட்டவை. நம்மில் பாதிப் பேர் வேட்டி கட்டுபவர்கள். வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட் 700 கிராமைத் தாங்கி நிற்காது; குனிந்து மூட்டையைப் பார்த்தால் சாய்ந்துவிடும். சட்டையின் மேல்பையும் ஆகாது, குனிந்தால் விழும். உள் டிரவுசரின் ஆழமான பக்கப்பையில், அந்த அளவுக்கே தைத்த கெட்டியான உறையில் வைப்பது ஓரளவு பொருந்தும். ஆனால் வேட்டியை விலக்கித்தான் எடுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். விசையை உறை முழுவதும் மூட வேண்டும். அந்தப் பையில் சாவிக்கொத்து, சில்லறை, பேனா எதுவும் சேரக் கூடாது. சாவி விசைக்குள் நுழைந்தால் விபத்து.

மளிகைக் கடைக்காரருக்குத் தனியான எதிரிகளும் உண்டு. மிளகாய்த்தூள், மாவுத் தூசி, உப்பு, வியர்வை. தூசி சுத்திக்கும் உருளைக்கும் இடையே அடையும். உப்புக் கையும் வியர்வையும் இரும்பைத் துருவேற்றும். வாரம் ஒருமுறை தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் போட வேண்டும். எண்ணெய் தோட்டாவில் படக் கூடாது. பட்டால் அது வெடிக்காமல் போகலாம்.

எடுக்க எவ்வளவு நேரம்?

1983-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறைப் பயிற்சியாளர் டென்னிஸ் டியூலர் ஒரு கணக்கை எழுதினார். கத்தியோடு ஓடிவரும் ஒருவன் 21 அடி தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான். பயிற்சி பெற்ற போலீஸ்காரர் இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் அவ்வளவு நேரம் ஆகிறது. நம்மை வழிமறிப்பவன் 21 அடியில் நிற்பதில்லை. கை எட்டும் தூரத்தில் நிற்கிறான். நமது துப்பாக்கியோ இடுப்பு உறையில் இல்லை, வேட்டிக்குள் இருக்கிறது.

இங்கே என் இரண்டாவது அனுபவத்தைச் சொல்ல வேண்டும். 2004-ல் ஒரு மழைக்கால இரவு. ஸ்கூட்டரில் நானும், பின்னால் பதினாறு வயது மகனும். ரயில்வே கேட்டைத் தாண்டிய இருட்டில் மூன்று பேர் மறித்தார்கள். ஒருவன் கையில் அரிவாள். பின்னால் இறங்கிய மகன் பயத்தில் முன்னால் ஓடிவந்து, எனக்கும் அரிவாளுக்கும் நடுவில் நின்றுவிட்டான். என் ரிவால்வர் பக்கப்பையில் இருந்தது, ஆறு தோட்டாவோடு. கை அதன்மேல் போய்விட்டது. எடுத்திருந்தால் அந்தத் திசையில் முதலில் இருந்தது என் பிள்ளையின் முதுகு.

கையை எடுத்தேன். பையைக் கொடுத்தேன். அவர்கள் போய்விட்டார்கள். முப்பத்தெட்டாயிரம் ரூபாய். அன்று வீடு வந்து சேர்ந்த பிறகு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. போன பணத்தை நினைத்து அல்ல.

சட்டம் எவ்வளவு தூரம் துணை நிற்கும்?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துள்ளது. அதன் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. கொள்ளை, சூரிய அஸ்தமனத்துக்குப் பின் வீடு உடைத்தல், குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் தரும் திருட்டு ஆகியவற்றில் அந்த உரிமை எதிராளியின் உயிர்வரை கூடச் செல்லலாம். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யும் உரிமை யாருக்கும் இல்லை. போலீசை அணுக நேரம் இருந்தால் அந்த உரிமையும் இல்லை. கல்லாவில் கைவிட்டுச் சில நோட்டுகளை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டி ஓடும் சிறுவனைச் சுட்டால், கூண்டில் நிற்பவர் கடைக்காரர்தான்.

இன்னொன்று. நம் கடை பத்தடி அகலம். எதிரே வாடிக்கையாளர்கள், வெளியே சாலை, குழந்தைகள். குறி தவறிய குண்டு பிளைவுட் தடுப்பில் நிற்காது. அது போய்ச் சேரும் இடத்துக்கும் நாமே பொறுப்பு.

வீட்டில்

தலையணைக்கடியில் வைக்கும் பழக்கம் கூடவே கூடாது. துப்பாக்கி ஒரு பூட்டிலும், தோட்டா வேறு பூட்டிலும், சாவி உங்களிடமும் இருக்கட்டும். எப்போதும் தோட்டா உள்ளே இருப்பதாகவே எண்ணிக் கையாளுங்கள். சுடும் முடிவு வரும்வரை விரல் விசைமேல் போகக் கூடாது. மது அருந்தும் பழக்கம் உள்ளவரும், குடும்பத்தில் மனச்சோர்வில் ஒருவர் இருப்பவரும் இந்த எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. தொலைந்தால் அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பையைக் காப்பதா, பையைக் குறைப்பதா?

துப்பாக்கி வாங்க நினைப்பவர் அதற்கு முன் செய்யவேண்டிய சிக்கனமான வேலைகள் உள்ளன. கடன் வசூலை முடிந்தவரை வங்கி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் வாங்குங்கள். 2017 ஏப்ரல் முதல் ஒருவரிடம் ஒரே நாளில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது என்பது வருமான வரிச் சட்டம். கல்லாப் பணத்தை இரவு வரை சேர்த்து வைக்காமல் பகலில் இரண்டு தடவையாகக் கட்டிவிடுங்கள். நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டே இருங்கள். நம் நடமாட்டத்தை அறிந்தவர்களாலேயே பல வழிப்பறிகள் நடக்கின்றன. பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து கடை அடையுங்கள். கல்லாவுக்கு நேராகக் கேமரா, வாசலில் நல்ல விளக்கு வையுங்கள். காப்பீட்டு நிறுவனங்களில் ரொக்கத்துக்கென்றே பாலிசி உண்டு. வழியில் கொண்டு போகும் பணமும், கல்லாவில் உள்ள பணமும் அதில் அடங்கும். ரிவால்வர் விலையில் எத்தனை ஆண்டுப் பிரீமியம் கட்டலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பின்னும், தொழிலின் தன்மையால் மெய்யான ஆபத்து உள்ளவர்கள் நம்மில் சிலர் இருக்கலாம். அவர்கள் உரிமம் பெறட்டும், தகுந்ததைத் தேர்ந்தெடுக்கட்டும், ஒழுங்காகப் பழகட்டும். பழகாதவர் கையில் உள்ள துப்பாக்கி, பறிக்க வருபவனுக்கு நாம் வாங்கி வைத்த துப்பாக்கி.

உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்

1. நான் சுமக்கும் ரொக்கத்தைப் பாதியாகக் குறைக்க எல்லா வழியும் பார்த்துவிட்டேனா?

2. ஆண்டுதோறும் சுடுதளத்துக்குப் போய்ப் பழக எனக்கு நேரமும் பணமும் உண்டா?

3. என் வீட்டுப் பிள்ளைகள் எட்டாத இடம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

4. கையில் இருந்தும் எடுக்காமல் பணத்தைக் கொடுத்துவிடும் நிதானம் எனக்கு உண்டா?

நான்குக்கும் 'ஆம்' என்று மனச்சாட்சியோடு சொல்லக்கூடியவர் மேலே சொன்ன பக்கங்களை மறுபடி படித்துவிட்டு விண்ணப்பம் எழுதலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் கேமராவும் காப்பீடும் வாங்கலாம்.

என் ரிவால்வரை 2019-ல் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் விற்று, உரிமத்தையும் திருப்பி ஒப்படைத்துவிட்டேன். அன்று அரிவாளுக்கு முன் நின்ற மகன்தான் இப்போது கடையைப் பார்க்கிறான். இரவு ஒன்பதுக்கே அடைத்துவிடுகிறான். பையில் பெரும்பாலும் மறுநாளைக்கு வேண்டிய சில்லறைதான் இருக்கிறது.